சிப்பிக்கு இன்னொரு பாதி

அன்புள்ள வடிவுக்கு,

உன் மானத்தை வாங்கிவிட்டேன். ரெண்டு வயசுப் பிள்ளைகள் முன்னால் நீலப் பெயின்ட் தட்டில் உட்கார்ந்துவிட்டேன். பின்பக்கம் முழுக்க நம்ம தூத்துக்குடிக் கடல்தான். உன் மூட்டுவலி எப்படி? கல்யாணப் பொண்ணு, நம்ம மக ஐஸ்வர்யா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

ஹார்பரில் வலது கையில் சின்னக் காயம். பயப்படாதே. இடது கையால் எழுதுவதால் கோழி கிளறிய மாதிரி இருக்கும், சிரித்துக்கொள். கம்பெனி என்னை இங்கே பஹ்ரைனிலேயே ஒரு மியூசியத்தில் கதவு திறக்க விட்டிருக்கிறது. அங்கே குட்டிகளுக்குப் படம் வரையும் வகுப்பு. ரெண்டு உள்ளங்கையையும் சாயத்தில் முக்கிச் சேர்த்துப் பதித்தால் முத்துச்சிப்பி. டீச்சர் என்னைச் செய்து காட்டச் சொன்னாள். இடது கையை மட்டும் பதித்துவிட்டு அசடு வழிந்தேன்.

"அங்கிள், மத்தது?" என்றாள் ஒரு மதுரைக்காரர் மகள்.

"அது லீவுல இருக்கு தாயி."

அவள் யோசித்துவிட்டுத் தன் பிஞ்சுக்கையை என் கைக்குப் பக்கத்தில் பதித்தாள். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவி வர வெகுநேரமாயிற்று. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

வீடியோவில் மூஞ்சியை மட்டும் காட்டுதேன் என்று ஏசாதே, ஏளா. அடுத்த மாசம் கல்யாணத்துக்கு நேரிலேயே வாரேன். வீட்டில் போடப் பட்டன் இல்லாத டீ-சர்ட்டும், ஒட்டுகிற வேட்டியும் வாங்கி வை. தாரை வார்க்கும்போது என்னை ஒட்டி நில்லு.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன் ராஜதுரை

டெய்லர் மகாராஜனிடம் சொல்: கல்யாணச் சட்டைக்கு வலது கையை முழங்கை வரை தைத்தால் போதும். அதற்குக் கீழே எனக்கு வேண்டியிருக்காது.