இடுகாட்டு முகப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

சயாமுக்கு ரயில் பாதை போடப் போன நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

லாபு சாலைக்குக் கல் பரப்ப ஜப்பான்காரன் புதுச் சட்டம் போட்டான். சாலையைப் பார்த்த நிலம் யாருடையதோ, அவர்கள்தான் ஆள் தரவேண்டும். நம் வீட்டை ஒட்டிய இடுகாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லையென்றால் அந்தப் பங்கும் அப்பா தலையில்தான் விழும். அவரோ காய்ச்சலில் எழவே முடியாமல் கிடந்தார்.

ஆள் கணக்கெடுக்க வெளியூரிலிருந்து வந்த கிராணி, புதர் மூடிக் கிடந்த இடுகாட்டைக் காட்டிக் கேட்டார். "யாருடா இங்க குடியிருக்கா?"

"நெரந்தரக் குடிங்க ஐயா. வெளிய வர்றதே இல்ல," என்று, அங்கே புதைக்கப்பட்டவர்கள் பெயரையெல்லாம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் இடுகாட்டுக்கு முன்னால் கல் பரப்பி முடிந்திருந்தது.

கிராணி என் முதுகில் தட்டினார். "நல்ல ஆளுங்கடா, விடியறதுக்குள்ள முடிச்சிட்டாங்க லா. நீ சொல்லாத ஒருத்தனும் வந்தான். அப்படியே ஒன் மூஞ்சி. அப்பாவுக்குக் காய்ச்சல் எறங்கிருச்சான்னு கேட்டான்."

உன் பெயரை நான் சொல்லவே இல்லை, அண்ணா. ஏன் சொல்லப்போகிறேன்? நீ சயாமில் அல்லவா இருக்கிறாய்.

அப்பா தேறிவிட்டார். நீ வருவாய் என்று கதவைத் தாழிட விடமாட்டேன் என்கிறார். வந்தால் பகலில் வா. மண்ணில் கால்தடம் பதிகிற மாதிரி நடந்து வா.

வாலைச் சுருட்டிக்கொண்டுவிட்ட
உன் தம்பி