சோளத்தட்டுக்குள் ஒரு வீடு

1974, மாசி, புதன் இரவு

வீட்டுக்கடன் சங்கத்து ஆபீசர் இன்று சுவரைப் பார்க்க வந்தார். சுவர் எழும்பியிருந்தால்தான் ஓடு வாங்க அடுத்த பணம் தருவார்கள். என் மனைவி மாதம்மாளோ கண் படும் என்று சுவர் முழுக்கச் சோளத்தட்டைச் சாத்தி மறைத்திருந்தாள்.

"வூடு எங்கங்க பெரியவரே?"

"இதானுங்க."

"இது தட்டுப் போருங்க. போருக்கு ஓடு போட சங்கத்துல பணம் தர மாட்டாங்க."

தட்டை எடு என்று மாதம்மாளிடம் சொன்னேன். அவள் ஆபீசரிடமே போனாள்.

"கண்ணு பட்டு செவுரு வெடிச்சா நீங்க வந்து பூசுவீங்களா?"

"பாக்காம எழுத முடியாதும்மா."

"அப்ப பாருங்க. பாத்துட்டுத் துப்பிட்டுப் போங்க."

தட்டை விலக்கினாள். அவர் டேப்பை வைத்து அளந்தார். அவள் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுவருக்குத் திருஷ்டி சுற்றி, துப்பச் சொல்லி அவரிடம் நீட்டினாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகத் துப்பினார்.

"சத்தமா துப்புங்க சார், கவர்மெண்டு கண்ணு பெருசு!"

துப்பினார். சிரித்துக்கொண்டே, "சுவர் முடிந்தது, பணம் தரலாம்" என்று எழுதினார். அதை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதியோர் பள்ளிக்குப் போனது வீண் போகவில்லை.

ஓடு போட்டபின் அதை எதைக்கொண்டு மூடுவாய் என்று மாதம்மாளைக் கேட்டேன். இன்னும் தூங்காமல் யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.