வெள்ளிக்கிழமைகளில் சுருங்கியவள்

இன்று காலை உங்கள் மீன்தொட்டியின் மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். பாலை முகர்ந்து பார்ப்பேன், கடை மீனை முகர்ந்து பார்ப்பேன், நீங்கள் வேலைவிட்டு வந்தால் உங்கள் சட்டையையும் விடாதவள்தானே நான். கெட்ட வாடை இல்லை. கடற்கரையின் மணம் மட்டும் வந்தது. வெளியே இந்த ஜெர்மன் ஊரின், வுப்பர்டாலின், வழக்கமான மழை பெய்துகொண்டிருந்தது. அந்த மணத்தோடு நீங்களும் பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

கல்லில் ஒட்டி வாழும் அந்தக் கடல் பிராணியை, கடற்சாமந்தியை, நீங்கள் கொண்டுவந்த நாளிலேயே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. குளிர் படாமல் ஜாக்கெட்டுக்குள் அணைத்துக்கொண்டு வந்தீர்கள். என்னை ஒருநாளும் அப்படிக் கொண்டு வந்ததாக ஞாபகம் இல்லை. பூப்போல என்றீர்கள். "பூ இறால் தின்னுமோ?" என்று கேட்டேன். சிரித்தீர்கள். சிரிப்பால் மழுப்புகிற ஆட்களை நான் நம்புவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பிறகு அந்தத் தொலைபேசிக் கதை. நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஹோலில் உங்கள் சிநேகிதரோடு குரலைத் தாழ்த்திக் கதைக்கிறீர்கள். "அவள் முந்தாநாள் தொடக்கம் ஒண்டும் சாப்பிடுறாள் இல்லை. வாடிப்போய்க் கிடக்கிறாள். எனக்கெண்டால் மனம் கேக்குதில்லை." கத்தியோடேயே வந்து வாசலில் நின்றேன்.

"ஆர் அந்த அவள்?"

உங்கள் முகம் வெளிறியது கத்தியைப் பார்த்துத்தான் என்று பிறகு சொன்னீர்கள். "இஞ்சேரும், நான் அனிமோனேயை, உந்தக் கடற்சாமந்தியைச் சொன்னனான். டொச்சிலை அது பெண்பால் எல்லோ. மீன் வளக்கிற சங்கத்திலை எல்லாரும் அவள் எண்டுதான் கதைக்கிறவை. எனக்கும் வாயிலை வந்திட்டுது."

தமிழில் அது 'அது'தான் என்று சொல்லிவிட்டுப் போய் மிச்ச வெங்காயத்தை வெட்டினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீங்கள் முணுமுணுத்ததும் கேட்டது. ஆனாலும், கட்டிய மனைவியிடம் சாப்பிட்டாயா என்று கேட்காத மனுசன் கடல் பிராணி ஒன்றின் பசிக்கு உருகினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இதற்கெல்லாம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு நன்மை, உங்கள் வேலையெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. உப்புத் தொட்டிக்குத் தினமும் நல்ல தண்ணீரை ஊற்றினால் உப்புக் குறையாதா, இந்த மனுசன் கண்கட்டு வித்தை காட்டுகிறாரா என்று ஒருநாள் மறித்தேன். "ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். உப்பு அங்கையே நிக்கும். போனதைத்தான் திருப்பி விடவேணும்" என்றீர்கள். நான் நம்பவில்லை. நீங்கள் வேலைக்குப் போனபிறகு உங்கள் கருவியை எடுத்து உப்பை அளந்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் தெளிவாகக் கதைத்ததும் அதைப் பற்றித்தான். "இஞ்சேரும், அவளைப் பாத்துக்கொள்ளும். விட்டிடாதையும்." அவ்வளவுதான். உம்மைப் பாத்துக்கொள்ளும் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் தலையாட்டினேன். ஆனால் எனக்குக் கோபம். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் என் கண்ணீரில் பாதி கோபம் என்பதைக் கண்டிருக்க மாட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து உங்கள் படத்தைத் தொட்டிக்கு மேலேதான் மாட்டினோம். வீட்டில் நல்ல இடம் அதுதான், உங்களுக்கும் பிடித்த இடம். வெள்ளிக்கிழமைகளில் மச்சாள் வருவா. உங்கள் தங்கச்சி உங்களுக்காக அழ ஒரு வீடு வேண்டாமா? விளக்கேற்றி, தூபக்காலில் சாம்பிராணி போட்டு, தேவாரம் படிப்போம்.

மறுநாள் காலையில் பார்த்தால் தொட்டிக்குள் உங்கள் 'அவள்' சுருங்கி, வாயைப் பிளந்தபடி கிடப்பாள். கிழமை நடுவில் கொஞ்சம் தேறுவாள். அடுத்த சனிக்கிழமை முன்னையதைவிட மோசம். ஒரு கட்டத்தில் கல்லைப் பிடித்திருந்த கால் கழன்று தண்ணீரில் ஆடத் தொடங்கியது. நீங்கள் கேட்ட ஒரே ஒரு காரியம் என் கையில் செத்துக்கொண்டிருந்தது.

யாரைத்தான் சந்தேகிக்கவில்லை. தொட்டி விளக்கைச் சந்தேகித்தேன். புதிதாக வாங்கிய உப்பைச் சந்தேகித்தேன். அவள் மடியிலேயே புரளும் கோமாளி மீன் சோடியைச் சந்தேகித்தேன். கடைசியில் மச்சாளிடம் வந்து நின்றேன். கோயில் தீர்த்தம் போத்தலில் கொண்டுவருகிறவ. "அண்ணை ஆசையா வளத்தது. கொஞ்சம் தீர்த்தம் விட்டால் நல்லா இருக்குமே" என்று ஒருமுறை வாய்விட்டும் சொன்னவ. பாலும் சந்தனமும் கலந்த அபிஷேகத் தீர்த்தம் அந்தத் தொட்டிக்குள் போனால் என்ன ஆகும்?

கையும் களவுமாகப் பிடிப்பது என்று, அடுத்த வெள்ளிக்கிழமை தேவாரம் படிக்கும்போது கண்ணை மூடாமல் இருந்தேன். மச்சாளின் கைகளையே பார்த்தேன். அவ கண்ணைத் துடைத்தா, மூக்கைத் துடைத்தா, வேறொன்றும் செய்யவில்லை. அப்போதுதான் புகையைக் கண்டேன். மேலே போகவேண்டிய சாம்பிராணிப் புகை ஒரு நூலாக வளைந்து, தொட்டிக்குக் கீழே அலுமாரிக் கதவு இடுக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. திறந்து பார்த்தேன். தண்ணீரின் அழுக்கை நுரையாக்கித் தள்ளும் உங்கள் இயந்திரம் காற்றை இழுக்கும் சின்னக் குழாய் அங்கேதான் இருந்தது. ஹோலில் இருந்த புகையையெல்லாம் உறிஞ்சி அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

முன்பு சாமி அலுமாரி படுக்கையறையில்தானே. உங்களுக்காகத்தான் சாம்பிராணி ஹோலுக்கு வந்தது. தணலில் அதைத் தூவியதும் நான்தான். இந்த வீட்டில் நான் சந்தேகிக்காத ஒரே ஆள்.

அன்றே உங்கள் படத்தைக் கழற்றிப் படுக்கையறைக்குக் கொண்டுபோனேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, உப்புக் கரைத்து வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினேன். மச்சாள் வாசலில் நின்று பார்த்தா. எவ்வளவோ விளக்கிச் சொன்னேன். "பூச்சிக்காக அண்ணையைத் தள்ளி வைச்சிட்டியள், மச்சாள்" என்றா. என் பேச்சில் ஒரு சொல்லையும் நம்பவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை. கோயிலில் என்னைக் கண்டால் சிலர் கதையை நிறுத்துகிறார்கள். சந்தேகப்படுவது எனக்குப் பழக்கம். சந்தேகிக்கப்படுவது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியாது, இப்போதுதான் தெரிகிறது.

அவள் மறுபடி கல்லைப் பிடித்துக்கொண்டாள். இன்று நன்றாக விரிந்திருக்கிறாள். இறால் துண்டை இடுக்கியால் நீட்டினேன், மெதுவாகச் சுருட்டி வாங்கிக்கொண்டாள். காலையில் அவளுக்கு விளக்குப் போடவேண்டும், தண்ணீர் பார்க்கவேண்டும் என்பதால்தான் நீங்கள் போனபின்னும் நான் படுக்கையைவிட்டு எழும்பிக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் எழும்பியிருக்க மாட்டேன். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அது தெரிந்துதான் அவளை என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்களோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டுப் போனீர்களோ? என் வாழ்நாளில் எந்தச் சந்தேகத்தையும் தீர விசாரிக்காமல் விட்டதில்லை நான். இதை மட்டும் விசாரிக்கப்போவதில்லை.