பல்லடத்து அத்தை சாப்பிட்ட நாள்

என்னைப் பெற்ற அம்மாவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உன் பேத்தி கமலாவுக்குத் தை மாதம் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளைக்கு மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம். அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது. அப்பாவின் அக்கா, பல்லடத்து அத்தை, நம் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

நம்புகிறாயா? எத்தனை விசேஷம் பார்த்திருப்போம். அத்தை வருவார், ஓரமாக உட்காருவார், எனக்கென்ன பசி, வந்தவர்களைக் கவனியுங்கள் என்பார். கோபம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். என் கல்யாணத்தன்று அவர் பின்னாலேயே நடந்து நீயும் பட்டினி கிடந்தாய். அடுத்த வாரமே பல்லடத்துக்கு பஸ் ஏறி, என்ன தப்பென்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாய்.

கமலா கல்யாணத்திலும் அதேதான். பந்தி போட்டதும் அத்தை தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். ஆள் மேல் ஆள் போய் அழைத்தும் எழுந்திருக்கவில்லை. சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் எனக்குக் கெஞ்ச மனம் வரவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத்தை, மனசுல என்ன இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க. சொல்லலீன்னா எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

அத்தை என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"உங்கப்பன் கல்யாணத்துல இணைச்சீருக்கு நான் நிக்கோணும். கூடப் பொறந்தவ நான் ஒருத்திதான். தாலியறுத்தவ வரக்கூடாதுன்னு உள்ளே உக்காத்திப்போட்டாங்க. பங்காளி ஊட்டுப் புள்ளை நின்னுச்சு. உங்கம்மா ஒரு வார்த்தை கேக்கலை கண்ணு."

மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் நின்று செய்கிற சீர். நாற்பது வருஷமாக அந்த வலியை வைத்துக்கொண்டு நம் வீட்டுப் படியேறியிருக்கிறார்.

"அம்மாவுக்கு அப்பப் பதினஞ்சு வயசுங்க அத்தை. தலை நிமுந்தே பாத்திருக்காதுங்க."

"அது எனக்கும் தெரியும். தெரிஞ்சும் மனசு ஆறலை."

நான் மேற்கொண்டு நியாயம் பேசவில்லை. கமலாவையும் மாப்பிள்ளையையும் அழைத்து, அத்தை காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். இரண்டு பெண்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அத்தை இருவர் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டார். பிறகு அவரே எழுந்து வந்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். நான் உள்ளே போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை அம்மா, பாரம் இறங்கிய அழுகை.

நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ ஒரு தடவை கேட்டிருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பாரா?

அத்தை அடியோடு மாறிவிட்டார் என்று நினைக்காதே. போன மாதம் ஒரு கார்டு வந்தது: 'என்னை நினைக்க உங்களுக்கு நேரம் ஏது.' படித்துச் சிரித்துவிட்டேன். என்ன வேண்டும் என்று கேட்டுப் பதில் போட்டேன். கமலாவைப் பார்க்க வேண்டும் என்று நேராகவே எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.

இனி யார் முகம் வாடினாலும் என் மேல் தப்புத் தேடிக்கொண்டு உட்கார மாட்டேன். என்னவென்று கேட்டுவிடுவேன். உன் பேத்திக்கும் அதையே பழக்குவேன். நீ நிம்மதியாக இரு.

உன் வயிற்றில் பிறந்த மூத்தவள்,
சரசு
உடுமலைப்பேட்டை