டோக்கன் தொலைத்தவர்களுக்காக நீ செய்த விளையாட்டு

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய டவுன்லோடு, மாலை நான்காகியும் முப்பத்தொரு சதவிகிதத்தில் நிற்கிறது. இன்று பௌர்ணமி வேறு. மலை சுற்ற ஊருக்குள் வந்திறங்கிய அத்தனை பேர் கையிலும் போன் இருக்கும்போது நெட் எங்கே நகரும்? ஆபீசில் எல்லோரும் புகழ்கிறார்களே என்று வாங்கிய புது விளையாட்டு இது. நூறு ஜிபிக்கு மேல். வாங்கியதும் அக்கவுண்ட் தொடங்கச் சொன்னது. தொடங்கினால் போன் நம்பர் கேட்டது. அதைக் கொடுத்தால் பிறந்த தேதி கேட்டது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஒரு நீலக் கோட்டைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் ஞாபகம் வந்தது. எனக்கு எரிச்சல் வந்தால் கூடவே நீயும் வந்துவிடுகிறாய்.

நீ செய்த விளையாட்டு, சொந்தக்காரர்கள் அனுப்பும் ஒரு கல்யாண வீடியோவைவிடச் சின்னது. தொட்டால் திறக்கும். அவ்வளவுதான்.

இதே ஊர்க் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்தோம். எனக்குச் சென்னையில், வெளிநாட்டு விளையாட்டுகளுக்குக் காட்சிகள் செய்து கொடுக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. நீ கீழ்பென்னாத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தாய். முப்பது வயதில் உன் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. வேலையை விட்டுவிட்டு அடி அண்ணாமலை வீட்டில் இருந்தபடி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு ஷேர் ஆட்டோவில் போய்வந்தாய்.

அப்போது நான் ஒரு விளையாட்டுக்காகச் சுவர் செய்துகொண்டிருந்தேன். மழையில் நனைந்த கல் சுவர். பதினான்கு மாதம். பாசியின் பச்சை சரியில்லை என்று மட்டும் ஒன்பது முறை திருப்பி அனுப்பினார்கள். விளையாட்டு வெளிவந்ததும் பெருமையோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். அப்டேட் முடியவே மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு நீ விளையாடினாய். கதாநாயகன் குதிரையில் பறந்தான்.

"உன் சுவரு எங்கடி?"

"இப்பப் போச்சே, அதான்."

"குதிரைய நிறுத்தறேன்டி, பாக்கணும்."

"நிறுத்தினா சுட்டுடுவாங்க."

நீ நிறுத்தினாய். சுட்டுவிட்டார்கள். மறுபடி போனாய், மறுபடி சுட்டார்கள். மூன்றாவது தடவை செத்ததும் இருமல் வரும்வரை சிரித்தாய். "பதினாலு மாசம் ஒருத்தி உக்காந்து பண்ணியிருக்கா. அத நின்னு பாக்க உடமாட்டேன்றானே!"

எனக்குக் கோபம் வந்தது. "எத்தன பேர் இத ஆடறாங்க தெரியுமா?" என்றேன்.

"ஆடறாங்க. யாராவது பாக்கறாங்களா?"

அன்றைக்குத்தான் நீ செய்துகொண்டிருந்த விளையாட்டைக் காட்டினாய். கோயில் வாசலில் ஒரு செருப்பு ஸ்டாண்டு. மலை சுற்றிவிட்டு வருகிறவர்கள் டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பார்கள். அவர்கள் தங்கள் செருப்பை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு, அடுக்கில் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். மார்க் இல்லை, நேரக் கணக்கு இல்லை. தப்பாகக் கொடுத்தால் அவர் திட்டமாட்டார். கீழே பார்த்துவிட்டு அப்படியே நிற்பார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"இதுல ஜெயிக்கறது எப்படி?" என்று கேட்டேன்.

"ஜெயிக்கறதுக்கு இன்னா இருக்கு? குடுத்து அனுப்புனா போறாங்க. அவ்ளோதான்."

செருப்புகளை வரைந்து தரச் சொன்னாய். லீவு போட்டு ஆறு ஜோடி வரைந்தேன், தையல் தையலாக, தூசி தூசியாக. பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாய். "தோலு நல்லாத் தெரியுது. போட்டுட்டு நடந்த ஆளு தெரியலியே." அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, விரலால் போனில் நீயே கிறுக்கினாய். உள்பக்கம் சாய்ந்து தேய்ந்த குதிகால். ஊக்கு குத்திய வார். ஒரு ஜோடியில் இடது எட்டாம் நம்பர், வலது ஒன்பது. உன் கோணல் கோடுகளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அவை சரியாக இருந்ததால் இன்னும் எரிந்தது.

சரி, பேச்சையாவது நான் எழுதுகிறேன் என்றேன். ஒவ்வொருவர் சொல்வதையும் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதினேன். டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டில்காரருக்கு விளையாடக் கொடுத்தாய். வேர்க்கடலை போடும் விவசாயி. போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, தூரத்தில் வைத்து, "இன்னாம்மா எழுதியிருக்கு? நமக்குப் படிக்க வராதே" என்றாராம். மறுநாள் எனக்குப் போன் செய்தாய்.

"உன் எழுத்த மொத்தமாத் தூக்கிட்டேன்டி."

"மொத்தமாவா?"

"ஒரு வரி உடல."

இரண்டு மாதம் உன்னோடு பேசவில்லை. நீயும் கூப்பிடவில்லை. நான் பேசாமல் இருந்ததைக் கவனித்தாயா என்றுகூட எனக்குச் சந்தேகம். எழுத்துக்குப் பதிலாகக் குரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாய். ஊசி குத்தாத கையில் போனை வைத்துக்கொண்டு, கட்டில் கட்டிலாகக் கேட்டிருக்கிறாய்: உங்க செருப்பு தொலைஞ்சிட்டா இன்னான்னு சொல்லுவீங்க? நர்ஸ் சொல்லியிருந்தாள். துணைக்கு வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த விவசாயி, "பச்ச வாரும்மா. ஒரு பக்கம் பிஞ்சி கம்பி போட்டிருப்பேன். அது குத்தும், பாத்து எடு" என்று சொல்லியிருந்தார். இரண்டு மாதம் கழித்து நீ அனுப்பியதைக் கேட்டுவிட்டு, நான் மூன்று மாதம் எழுதியதில் என்னிடம் இருந்த பிரதியையும் நானே அழித்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை.

"உன் குரலு எங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் ஸ்டாண்டுல உக்காந்திருக்கறவடி. நான் எதுக்குப் பேசணும்?"

எவ்வளவு கெஞ்சினேன். ஒரே ஒரு வரி பேசு என்றேன். கேட்டாயா நீ? விளையாட்டை வெளியிட்டாய். முதல் வாரம் பதினேழு பேர் போனில் இறக்கிக்கொண்டார்கள். அதில் நான் ஒருத்தி. நாலாவது மாதம் உனக்குக் காய்ச்சல் கண்டது. நோய்த்தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஐந்தே நாள். நான் சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டிருந்தார்கள்.

இப்போது ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன். கம்பெனியில் இன்னொரு சுவர் கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை வெயிலில் காய்ந்தது. உன் விளையாட்டை யார் யாரோ யார் யாருக்கோ அனுப்புகிறார்கள். சேலத்திலிருந்து ஒரு பெண், தன் அப்பாவின் நடை ஒரு செருப்பில் இருக்கிறது என்று எழுதினாள். உனக்கு வந்த கடிதத்துக்கு நான் பதில் எழுதினேன். போன மாதம் போன்களில் ஏதோ மாற்றினார்கள், உன் விளையாட்டு திறக்காமல் போனது. சரிசெய்ய வேண்டியவள் நீ. நீ இல்லை. வேறு யார் இருக்கிறார்கள்?

நீ எழுதிய புரோகிராம் நிரலைத் திறந்தேன். இப்படியா எழுதுவார்கள்? கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவள்தானே நீ? ஒரு பகுதிக்கு 'அது' என்று பெயர். இன்னொன்றுக்கு 'அது2'. எதற்கும் ஒரு குறிப்பு கிடையாது. நான்கு ஞாயிற்றுக்கிழமை உன்னைத் திட்டித் திட்டிச் சரிசெய்தேன். சரியானதும் வார்டுக்கு எடுத்துப்போனேன். விவசாயி அதே கட்டிலில் இருந்தார். அங்கே ஒருவர் வராமல் போனால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒரு கிழவியின் குரல் வந்ததும், "இந்தம்மாவும் இல்ல இப்ப" என்றார். பிறகு அவளுடைய செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

நிரலில் ஓர் இடம் மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. பதினொரு வரி. எதையும் கூட்டுவதில்லை, எதையும் காட்டுவதில்லை, வேறெங்கிருந்தும் அதை அழைக்கவும் இல்லை. வேண்டாத வரிகள் என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன். விளையாட்டு நின்றுவிட்டது. திரும்பப் போட்டேன், ஓடியது. ஏன் என்று உன்னிடம் கேட்டிருந்தால், "ஓடுதில்ல? உடுடி" என்றிருப்பாய்.

விட்டுவிட்டேன். யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று அதன் மேலே ஒரு குறிப்பு மட்டும் எழுதினேன்: 'இதை எடுக்காதே. இது என்ன செய்கிறது என்று எனக்கும் தெரியாது.'