அத்தையின் மழைக்கால விரதமும் மருந்துக் காப்பீடும்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
ஆகஸ்ட் 20

அன்பு மகள் ஸ்வேதாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுனந்தா அத்தையும் நலம். நியூ ஜெர்சியில் நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். மழை நன்றாகப் பெய்கிறது, மலை பச்சைகட்டி நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் அக்கா தினமும் பொழுது சாய்வதற்குள் உணவை முடித்து, அம்மாவோடு கதை பேசுகிறார். வீடு நிறைந்திருக்கிறது.

ஆனால் நீ அவரிடம் போனில் சொன்னது என் காதுக்கு வந்தது. மழைக்காலம் முடியும்வரை புதிதாக எதையும் தனதாக்கிக்கொள்வதில்லை என்று விரதம் பூண்டவரிடம், "மருந்து இன்சூரன்ஸ்லாம் திரும்பி வந்து பாத்துக்கலாம் அத்தை, விரதத்தைக் கெடுத்துக்காதீங்க" என்று ஆறுதல் சொன்னாயாம். உன் கனிவுக்கு நன்றி. அதற்கான அபராதத்தை அவர் ஆயுள் முழுவதும் மாதந்தோறும் கட்டியிருப்பார். தங்கள் மருந்துக் காப்பீடு அமெரிக்க அரசு முதியோருக்கு நடத்தும் மெடிகேர் மருந்துத் திட்டத்துக்கு ஈடானது என்று அவருடைய கம்பெனி ஆண்டுதோறும் எழுதிக் கொடுத்தது. அதனால்தான் அறுபத்தைந்து வயதைத் தாண்டியும் அவர் அரசுத் திட்டத்தில் சேராமல் இருக்க முடிந்தது. ஜூன் கடைசியில் வேலையோடு அந்தக் காப்பீடும் முடிந்தது. ஆகஸ்டுக்குள் சேராவிட்டால் இரண்டு மாத அவகாசத்தைத் தாண்டி இடைவெளி விழும், அபராதம் அதற்குத்தான். அங்கேயே படித்த உனக்கு இதைத் திருவண்ணாமலையிலிருந்து நான் விளக்க வேண்டியிருக்கிறது.

அக்காவும் லேசில் இசையவில்லை. "மாத்திரைதான் இங்க கம்மி விலைக்குக் கிடைக்குதே, சும்மா இருடா விமல்" என்றார். இது புதிதாகச் சேர்ப்பதல்ல, இத்தனை ஆண்டுகள் இருந்ததை நடுவில் விடாமல் தொடர்வது என்றேன். சற்று யோசித்தவர், "விரதத்தை நடுவுல விடக்கூடாதுன்ற மாதிரிதானே? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன, வக்கீல் மாதிரி ஒரு வாரமா பேசினு இருந்தியே!" என்று சிரித்தார். நேற்று மாலை அவரே போன் செய்து சேர்ந்துவிட்டார். செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வருகிறது. மனம் நிறைந்தது.

"கொழந்தைய திட்டாதடா, நல்ல எண்ணத்துலதான் சொன்னா" என்றும் சொல்லியிருக்கிறார். அதனால் திட்டவில்லை, எழுதுகிறேன்.

கம்பெனி கொடுத்த அந்தக் கடிதங்கள் உன் வீட்டில் அவர் வைத்துவிட்டு வந்த அட்டைப்பெட்டியில் உள்ளன. புதிய திட்டத்தார் ஆதாரம் கேட்டால் அவையே வேண்டும். அவர் திரும்பும்வரை வீட்டைச் சுத்தம் செய்யும் ஆர்வம் உனக்கு எழாதிருக்க அருகன் அருள் புரிவாராக. நேரத்துக்குச் சாப்பிடு. நீடூழி வாழ்க.

உன் அப்பா,
விமல்ராஜ்