விழுந்தால் கைதட்டு

பீரோவின் அடித்தட்டில் இன்று உன் பந்துப் பை கிடைத்தது. பழைய காலுறைகளில் கம்புத் தானியத்தை நிரப்பி நீ தைத்த பந்துகள். வண்டு துளைத்துவிட்டது. எடுத்ததும் மக்கிய கம்பு மடியில் கொட்டியது. அந்த வாடையில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன். உன்னோடு சண்டை போட வேறு வழியில்லை.

சர்க்கஸ் கூடாரத்தை விட்டு, கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்து எனக்குச் சிநேகிதியானவள் நீ. பள்ளிக்கூடம் விட்டதும் என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கவும், ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கவும் பழக்கித் தருகிறேன் என்றாய்.

"கையைக் காலை ஒடிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்லுதது?" என்றேன்.

"ஏட்டி, எந்நேரமும் அடிச்சுக்கிடுத பிள்ளைய. ஒண்ணையொண்ணு பிடிச்சு நிக்கப் படிக்கட்டும். நீ சும்மா இரி."

உன் மைதானத்தில் ஒரே சட்டம். பந்து விழுந்தாலும் பிள்ளை விழுந்தாலும் எல்லாரும் கைதட்ட வேண்டும். "விழுந்த பிள்ள எந்திக்கணும்லா? சத்தமாத் தட்டுங்க!" என்பாய். பட்டாசு ஆலை விபத்தில் அப்பாவைப் பறிகொடுத்ததிலிருந்து வாயே திறக்காத முத்துமாரி, கரிசல் மண்ணில் குப்புற விழுந்து, அந்தக் கைதட்டலில்தான் சிரித்தாள். பிறகு "அத்தை, அத்தை" என்று உன்னை விட்டு நகரவே இல்லை. அம்மாடி, என்ன பேச்சுப் பேசினாள்!

நோயில் நீ போன செய்தி கேட்டுப் பிள்ளைகளோடு ஓடி வந்தேன். உன்னைக் கட்டிலிலிருந்து தரையில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அழுகைச் சத்தத்துக்கு நடுவே ஒரு கைதட்டல். முத்துமாரி!

"அத்தை விழுந்துட்டாவ. எல்லாரும் தட்டுங்களேன், எந்திப்பாவ."

"எளவு வீட்டுல என்னட்டி கூத்து?" என்று உன் கொழுந்தனார் ஓங்கி அறைந்தார். நான் கூட்டத்தை விலக்கிப் போய்ச் சேர்வதற்குள் அவள் கைகள் நின்றுவிட்டன.

அன்று மூடிய வாய் இன்னும் திறக்கவில்லை. நானும் ஒரு ரப்பர் பந்தை வீசிப் பார்க்கிறேன். அவள் கை நீட்டுவதில்லை. என்னால் முடியவில்லையடி. நீ பாடுபட்டதெல்லாம் என் கண்ணெதிரே பாழாய்ப் போகிறது. இப்படி அவளை விட்டுவிட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்தது?

போன வாரம் ஒரு பையன் கால் இடறி விழுந்தான். பிள்ளைகள் வழக்கம்போலத் தட்டினார்கள். முத்துமாரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒண்டிவிட்டாள். இனி யாரும் தட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மைதானத்தில் இப்போது யார் விழுந்தாலும் சத்தமே இல்லை. என் கைகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் தட்டுவதற்குத் தாமாக எழும்புகின்றன. அவள் பார்ப்பதற்குள் இறக்கிக்கொள்கிறேன்.